தோற்கிற அணியும் தம்பியின் நட்சத்திரமும்

மகளுக்குப் பிடித்த அமெரிக்க ஃபுட்போல் அணி 2009 ஒக்டோபரில் நாங்கள் இருக்கும் லண்டனுக்கு விளையாட வந்தது. அந்த வருடம் மே மாதத்தில் போர் முடிந்த பிறகு, வன்னியில் இருந்த என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் தேடியவர்கள் காணவில்லை என்றார்கள். செத்துவிட்டான் என்றும் எவரும் சொல்லவில்லை.

அந்த அணியின் கதை தம்பிக்கும் தெரியும். தொலைபேசித் தொடர்பு இருந்த காலத்தில் மகள்தான் சொன்னாள். தொடங்கிய வருடத்தில் அவர்கள் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. அடுத்த வருடம் முடிகிற நேரத்தில்தான் முதல் வெற்றி. அன்று ஊர் திரும்பியவர்களைச் சனம் திரண்டு வரவேற்றதாம். பல வருடங்கள் கழித்துச் சாம்பியனாகவும் வந்தார்கள்.

"தோக்கிறவங்களாப் பாத்துப் பிடிக்கச் சொல்லித் தந்தது கொப்பரோ?" என்று தம்பி என்னைச் சாட்டி அவளிடம் சிரித்தான். அதன் பிறகு எப்போது பேசினாலும் முதலில் அவளைத்தான் கேட்பான். "என்ன பிள்ளை, உன்ர ஆக்கள் வெண்டவையோ?"

மனைவி முன்கூட்டியே டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். அந்தக் கிழமை வந்ததும் நான் மறித்தேன்.

"வீடு இருக்கிற நிலையில விளையாட்டோ? துடக்கு வீட்டு ஆக்கள் கொண்டாட்டத்துக்குப் போறேல்லை."

சாவு விழுந்த வீட்டுக்குத்தான் துடக்கு என்கிற தீட்டு. சொன்ன பிறகே அது எனக்கு உறைத்தது. குசினியில் மனைவி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"ஆருக்குத் துடக்கு, அப்பா?" என்றாள் மகள். "சித்தப்பா செத்திட்டார் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப ஏன் மே மாசத்தில இருந்து கோயிலுக்கும் வாறியள் இல்லை?"

வேலையில் ஷிப்ட் என்றுதான் அதுவரை சொல்லி வந்தேன். நானும் அதை நம்பியிருந்தேன். யாரும் அறிவிக்காத சாவுக்கு நான் ஒருவன் மட்டும் துடக்குக் காத்து வந்திருக்கிறேன் என்பது அவள் கேட்கும்வரை எனக்கே தெரியவில்லை.

ஆட்டத்தன்று காலையில் நானும் மகளும் ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கிக் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். உயிரோடு இருப்பவர்களின் பெயரில்தான் அர்ச்சனை செய்வார்கள். தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டேன். நட்சத்திரம் நினைவில் வரவில்லை. ஐயர் காத்து நின்றார்.

"பூரட்டாதி, ஐயா," என்றாள் மகள் பின்னாலிருந்து. அவளுக்கும் அதே நட்சத்திரம்.

வெம்ப்ளியில் ஆட்டம் தொடங்கும் முன் வாணம் வெடித்தார்கள். ஊரில் ஷெல் விழுகிற நினைப்பில் நான் அவளைத் தோளில் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து, நலமா என்று விசாரித்தார். மகள் என் கையை விலக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய அணி படுதோல்வி அடைந்தது. ரயிலுக்கு நின்ற வரிசையில், "தோத்திட்டினம் என்ன?" என்றேன்.

"ஓம். சித்தப்பா ஃபோன் எடுத்தால் நான்தான் சொல்லுவன். நீங்கள் முந்திச் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம், நீயே சொல்லு," என்றேன்.