தமிழுக்குத் திரையில் இடம் கேட்ட பிலோமினா

பிலோமினா மறைந்த செய்தி எனக்குக் கைப்பேசியில் வந்தது, தமிழில். தெம்பனிஸில் ரயிலை விட்டு இறங்கி, நகரும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மகள் ஆக்னஸ் அனுப்பியிருந்தார்: “அம்மா இன்று காலை ஆண்டவரிடம் சென்றுவிட்டார்கள்.” சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கண் முதலில் எழுத்துகளைத்தான் பார்த்தது. எல்லாம் ஒழுங்காக வந்திருக்கின்றன என்று கண்ட பிறகே செய்தி உள்ளே இறங்கியது. படிக்கட்டு முடிந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் வந்தவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரைப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பார்த்திருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அவர் ஞாயிறுதோறும் மறைக்கல்வி சொல்லித் தந்திருப்பார். நான் அவரோடு ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். உங்களுக்குத் தெரியாத அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றிச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஃபேரர் பார்க் அருகே ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மளிகைக் கடை என்பதால் மதியத்துக்குள் எங்கள் காகிதங்களிலெல்லாம் மல்லி வாசம் ஏறிவிடும். நாங்கள் எட்டுப் பேர். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கையும் ஒரே திரையில் தட்டித் திருத்தி அச்சிடக்கூடிய ஒரு மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். அன்றைய கணினி ஒவ்வோர் எழுத்தையும் புள்ளிகளாகத்தான் காட்டும். எந்தப் புள்ளி ஒளிர வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்பதை யாராவது முன்கூட்டியே வரைந்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தொகுப்பை இப்போது எழுத்துரு என்கிறோம். எங்களுக்கு அது ஃபான்ட். ஆங்கில ஃபான்ட் கணினியோடு வந்துவிட்டது. மலாய்க்கும் அதுவே போதும். சீனத்தை முதலாளி டான் வெளியிலிருந்து வாங்கிவிட்டார். தமிழ் மட்டும் மிச்சமிருந்தது. நிரல் எழுதுகிறவன் தமிழன் என்பதால் அதையும் என் தலையில் கட்டினார்கள். இரண்டே நாளில் வரைந்து முடித்தேன்.

டானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு, யாரோ கொடுத்த தமிழ்க் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த வாரம் தமிழ் எழுத்துகளை வரையப் பிலோமினாவை வேலைக்கு வைத்தார். எழுபதுகளிலிருந்து சிராங்கூன் சாலையில் ஓர் அச்சகத்தில் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தில் வேலை பார்த்தவர். என் வயதுதான் இருக்கும். திரையில் என் எழுத்துகளைச் சற்று நேரம் பார்த்தார்.

“இதை யார் வரைஞ்சது?”

“நான்தான்.”

“பஸ்ல உட்கார்ந்துகிட்டா?”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு கட்டம் போட்ட தாள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அவர் வேலை செய்த விதம் எனக்குப் புதிதாக இருந்தது. தாளில் ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் நிரப்பி, சுவரில் ஒட்டி, கதவருகே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். திரும்பி வந்து ஒரே ஒரு கட்டத்தை அழிப்பார். மறுபடி கதவருகே போவார். ‘ண’ மட்டும் மூன்று நாள் எடுத்தது. ஓர் எழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று நான் கேட்டபோது, “படிக்கிறவங்க எழுத்தைப் பார்க்கக் கூடாது சேகர். வார்த்தையைத்தான் பார்க்கணும்” என்றார்.

எங்கள் முதல் சண்டை அகலத்தைப் பற்றியது. சீன எழுத்து எல்லாமே ஒரே அளவு சதுரம், ஆங்கில எழுத்து அதில் பாதி. தமிழும் அதற்குள் அடங்கினால் என் நிரலுக்குச் சுலபம். பிலோமினா ஒப்புக்கொள்ளவில்லை. ‘ர’வையும் ‘ணு’வையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தால் ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார், இன்னொருவருக்கு மூச்சு முட்டும் என்றார். ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்து, கடைசியில் மூன்று அகலங்களுக்கு இறங்கி வந்தேன். திரையில் முதல் முழு வாக்கியம் நெரிசலில்லாமல் வந்து நின்றது.  அன்று மதியம் எனக்குக் கோப்பி வாங்கி வந்தது அவர்தான்.

அடுத்தது, நான் செய்த தவறு. இதை இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நான்கு மொழிகளிலும் அறிவிப்பு தயாரிக்கும் ஓர் அலுவலகம் எங்கள் மென்பொருளைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. அவர்கள் வேண்டாமென்றால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்று டான் மறைக்காமல் சொல்லியிருந்தார். கிளம்பும் நாள் காலையில் ஒரு சிக்கலைப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் நான் ஒதுக்கியிருந்த உயரம் சீனத்துக்குச் சரியாக இருந்தது. தமிழில் கீழே இறங்கும் எழுத்துகளின் வால் அடுத்த வரியின் தலையில் போய் இடித்தது. வரியின் உயரத்தை மாற்றினால் பாதி நிரலை மாற்ற வேண்டும். பிலோமினா இன்னும் வந்திருக்கவில்லை. அவருடைய எழுத்துகளின் அடியில் இருந்த இரண்டு வரிசைப் புள்ளிகளை வெட்டிவிட்டேன். வரிகள் இடிக்காமல் நின்றன. அவர் வந்த பிறகும் சொல்லவில்லை. அந்த அறையில் தமிழ் படிக்கிறவர் யார் இருக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அறையில் அதிகாரிகள் ஆறு பேர் இருந்தார்கள். ஆங்கிலமும் சீனமும் மலாயும் நன்றாகவே போயின. மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் பெரிதாகத் திரையில் நின்றது. எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்பிக் கோப்பைகளை ஒவ்வொருவர் முன்னும் வைத்துக்கொண்டு வந்த ஐம்பது வயது அம்மா ஒருவர், பிலோமினா அருகே வந்ததும் குனிந்து மெல்லக் கேட்டார்.

“அது என்னம்மா, தமிம்னு போட்டிருக்கு லா?”

ஓரமாக உட்கார்ந்து தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பிலோமினா நிமிர்ந்து பார்த்தார். வாலை வெட்டினால் ‘ழ’ ‘ம’ ஆகிவிடும் என்று நான் யோசித்திருக்கவில்லை. மொழியின் பெயரே திரையில் தப்பாக நின்றது. அவர் என்னை ஒரு முறை பார்த்தார். கோபமான பார்வை இல்லை. புரிந்துகொண்ட பார்வை.

பிறகு எழுந்து, ஆறு பேர் முன்னிலையிலும் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நான்காவது பெயர் தவறாக இருக்கிறது, அதை இந்த அம்மாதான் கண்டுபிடித்தார், வரியின் உயரத்தை நாங்கள் சரியாக அளக்கவில்லை, இரண்டு வாரம் கொடுத்தால் சரிசெய்து கொண்டுவருகிறோம் என்றார். டானின் முகம் சிவந்துவிட்டது. ‘நாங்கள்’ என்றுதான் பிலோமினா சொன்னார். அந்த இடத்தில் நான் எழுந்து, செய்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். எங்கள் பேருந்து தெரு முனையில் திரும்பியபோதுதான் வாய் திறந்தார்.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே சேகர். ரெண்டு வரிசை குறையணும்னா நானே குறைச்சு வரைஞ்சிருப்பேன். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்ல?”

 பேருந்தில் ஏறியதும் எனக்கு இடம் பிடித்து வைத்தார். நான் நின்றுகொண்டே வந்தேன்.

அந்த இரண்டு வாரமும் நிரலைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினேன். ஒவ்வொரு வரியும் தன்னுள் எந்தெந்த மொழி இருக்கிறது என்று பார்த்து, அவற்றில் உயரமானதற்கு ஏற்ப இடம் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். பிலோமினா எதிரே உட்கார்ந்து, ஒரே வரியில் மூன்று மொழிகளைக் கலந்து தட்டி, எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சீனம் தெரியாது. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு எங்கள் கணக்கர் மெய் லிங்கைக் கூப்பிட்டு, சீன எழுத்து ஏதும் கெட்டிருக்கிறதா என்று கேட்பார். இதற்கெல்லாம் நேரமில்லை என்று நான் சலித்துக்கொண்டபோது, “நம்ம எழுத்துக்கு இடம் வேணும்னு அவங்க எழுத்தை மிதிக்க முடியாது” என்றார்.

அந்த அலுவலகம் எங்கள் மென்பொருளை ஏற்றுக்கொண்டது. முதல் அறிவிப்பு, தெம்பனிஸில் புதிதாகக் குடியேறியவர்களுக்கானது. எந்த நாளில் தண்ணீர் நிறுத்தப்படும் என்ற சாதாரண விஷயம். அதைப் பார்ப்பதற்காக ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் பேருந்து ஏறிப் போனோம். மின்தூக்கி அருகே ஒட்டியிருந்தார்கள். பையோடு வந்த ஓர் அம்மா நின்று தமிழ்ப் பகுதியைப் படித்தார். “வியாழக்கிழமை தண்ணி இல்லையாம்” என்று கணவரிடம் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். எழுத்து அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பிலோமினாவுக்கு அதில் இருந்த மகிழ்ச்சியை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. திரும்பும் வழியெல்லாம் மெல்லப் பாடிக்கொண்டே வந்தார்.

இன்னும் இரண்டு விஷயங்களுக்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நினைவகத்தை மிச்சப்படுத்த ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் விட்டுவிட்டு, அவை வரும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். பங்குக் கோயிலின் பெயர்ப் பட்டியலை அவர் தட்டிப் பார்த்தபோது ஜோசப், ஸ்டெல்லா எல்லாரும் தலையில்லாமல் நின்றார்கள். எழுத்துகளை வரைந்து தந்ததோடு அவர் நிற்கவில்லை. ஃபான்ட்டில் இல்லாத எழுத்து எது வந்தாலும் அங்கே ஒரு கறுப்புக் கட்டம் தெரிய வேண்டும் என்றார். “இல்லைன்னா இல்லைன்னு காட்டணும். காலியா விட்டா அது பொய்.” அதற்குப் பிறகு விடுபட்ட எழுத்து எதுவும் எங்களுக்குத் தெரியாமல் வெளியே போகவில்லை.

இன்னொன்று, அவருடைய அம்மாவால் வந்தது. காத்தோங்கில் இருந்த அந்த அம்மா, எங்கள் எழுத்தில் அச்சான ஜெபத் தாளைக் கையில் வாங்கி, அச்சு தப்பு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். லை, னை போன்றவை முன்பெல்லாம் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு இருந்ததும், ணா, றா, னா தனி வடிவம் கொண்டிருந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சீர்திருத்திய எழுத்து அப்போதுதான் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. மகளின் பெயரில் வரும் கடைசி எழுத்தே அவருக்குத் தப்பாகத் தெரிந்தது. பிலோமினா இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு விசையைத் தட்டினால் அதே கட்டுரை பழைய எழுத்துக்கு மாறும், மறுபடி தட்டினால் புதியதற்கு வரும். வீண் வேலை என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் இந்த முறை அவர் பக்கம் நின்றேன். பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், கோயில்காரர்கள், முதியோர் சங்கங்கள் எல்லாரும் எங்களைத் தேடி வந்தது அந்த ஒரு விசைக்காகத்தான்.

தொண்ணூறுகளுக்குள் பெரிய நிறுவனங்களின் எழுத்துருக்கள் வந்துவிட்டன. எங்கள் அலுவலகம் வேறு வேலைக்குத் திரும்பியது. பிலோமினா அதற்கு முன்பே பள்ளி நூலகம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். அவர் வரைந்தவை இன்று எந்தக் கணினியிலும் இல்லை. அதற்காக அவர் வருந்தி நான் கேட்டதில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் அவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார், ஆனால் குரல் அப்படியே இருந்தது. இத்தனை வருடம் மனதுக்குள் கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன். அந்த அறையில் நான் எழுந்து நின்றிருக்க வேண்டும், உங்களைத் தனியாகப் பேசவிட்டது தப்பு என்றேன். 

“அதுக்கப்புறம் ஒரு புள்ளியைக்கூட என்னைக் கேட்காம நீங்க தொடல சேகர். நான் கவனிச்சுட்டுத்தான் இருந்தேன்” என்றார். பிறகு ஆக்னஸைக் கூப்பிட்டு, எனக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார்.

அவர் எனக்குத் தந்தது அந்தப் பழக்கம்தான். வேறு அலுவலகங்களில் எத்தனையோ பேருடைய வேலைகள் என் கைக்கு வந்தன. திருத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். சிலர் எரிச்சல்பட்டார்கள். பலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள்.