பாக்கியம் டீச்சர் தாண்டாத பக்கம்

"டீச்சர், சமாசாரம் தெரியுமா? நம்ம பாக்கியம் டீச்சர் தவறிட்டாக."

திருப்பத்தூர்ச் சந்தையில் வைத்து நம் சபைக்காரர் ஒருவர் சொன்னார். காய்கறிப் பையோடு அப்படியே காரைக்குடி பஸ்ஸில் ஏறினேன். மாற்றலாகித் திருப்பத்தூர் வரும்வரை அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். காரைக்குடியில் ஓர் ஆச்சி வீட்டின் பின்கட்டில் சேர்ந்து குடியிருந்தவர்கள். ஒத்த வயது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். சபையார் முகம் சுளிக்க வேண்டாம்.

காலையில் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வேதாகமத்தை எடுப்பாள். ஒரு பத்திதான் வாசிப்பாள். நானோ அதிகாரம் அதிகாரமாக ஓடுவேன். "என்ன லில்லி, பஸ்ஸைப் பிடிக்கப் போறியா?" என்று சிரிப்பாள். "வாசிச்சதைச் செஞ்சிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். செய்யாமத் திருப்புனா பேப்பர் பாக்குற மாதிரிதான்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது வருஷ ஆராதனையில், அந்த வருஷம் முழு வேதாகமத்தையும் வாசித்து முடித்தவர்கள் எழுந்து நிற்பார்கள். போதகர் துண்டு போர்த்துவார். வருஷா வருஷம் முதலில் எழுந்தவர் யார்? பாக்கியத்தின் அண்ணன், கமிட்டித் தலைவர் தேவராஜ் ஐயா. பாக்கியம் எழுந்ததே இல்லை. அவள் மத்தேயு சுவிசேஷத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். காணிக்கையோடு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவனோடு சமாதானமாகிவிட்டு வரவேண்டும் என்கிற இடம்.

"ஏன் டீச்சர், அந்தப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டியிருக்கா?" என்று வீட்டுக்கார ஆச்சியே கேட்டுவிட்டார்கள்.

ஒட்டியவர் அண்ணன்தான். தம் மைத்துனனுக்கு இவளைக் கட்டிவைக்கப் பார்த்தார். பேசி முடிக்கக் கூடிய உறவுக்காரர்கள் நடுவிலேயே, "குடிகாரனுக்கு வாக்கப்பட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. "சொன்னது தப்பில்ல லில்லி. எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொன்னதுதான் தப்பு" என்பாள். அதற்கு மன்னிப்புக் கேட்க ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும் முன் அண்ணன் வீட்டுக்குப் போவாள்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அன்னைக்கு நாலு பேர் முன்னால பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க" என்றாள். மனிதர் நிமிரவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டு இன்னும் சத்தமாக வாசித்தார். மதினிதான் வந்து, "அவுக வாசிச்சுக்கிட்டு இருக்காகள்ல, பெறகு வாங்க" என்றாள். அடப்பாவி மனிதா! அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி அந்த இடத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டலாம் போல் எனக்குக் கை துறுதுறுத்தது.

அன்றும் அவள் காணிக்கை போடவில்லை; அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கும் எழவில்லை. "நீதான் கேட்டுட்டியே, இன்னும் என்ன?" என்று சண்டை பிடித்தேன். "அண்ணன் மனசு ஆறலையே. எப்படிப் போய்க் கைய நீட்டுறது?" என்றாள். சபையாரே, நீங்கள் என்ன செய்தீர்கள்? அவளிடம் ஏதோ ஒளிவுமறைவு இருக்கிறது என்று காதைக் கடித்தீர்கள். திருவிருந்து எடுக்காதவள் ஞாயிறு பள்ளி நடத்தலாமா என்று கமிட்டியில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் அதே அண்ணன். வகுப்பைப் பிடுங்கிக்கொண்டீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் அவள் தன் உயிராக நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை உலை வைத்துவிட்டு அதே பக்கத்தைத்தான் எடுத்தாள்.

அவள் சாகக் காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத அண்ணன், சவப்பெட்டி வந்ததும் தலைமாட்டில் வந்து நின்றார். கல்லறைத் தோட்டத்தில் பேசினார்: "என் அருமைச் சகோதரி வேத வாஞ்சையுள்ளவள். என்னைப் போலவே வருஷந்தோறும் வேதத்தை வாசித்து முடித்தவள்." நீங்கள் தலையாட்டினீர்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அவ ஒரு தடவைகூட முடிக்கல. நீங்க முடிக்க விடல" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவளிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஒரு பத்தி வாசிக்கும் பழக்கம்தான். மத்தேயுவில் ஆரம்பித்தேன். சில நாளிலேயே அந்த இடம் வந்துவிட்டது. தேவராஜ் ஐயாவுக்கு இப்போது என்மேல் மனத்தாங்கல் இருக்கிறது; எனக்கு நன்றாகத் தெரியும். போன ஞாயிறு காணிக்கைப் பை என்னிடம் வந்தபோது அடுத்தவரிடம் தள்ளிவிட்டேன். நீ ஞாயிறுதோறும் ஏறிய உன் அண்ணன் வீட்டுப் படியை என்னால் மிதிக்க முடியாது, பாக்கியம். மிதிக்கவும் மாட்டேன். பக்கத்தையும் திருப்ப மாட்டேன்.