நான்காவது சாவி

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். என் மனைவி இதைக் கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அது உறைக்க ஒரு பழைய காரும் அதன் சாவிகளும் வர வேண்டியிருந்தது.

எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி, கார்டன் ரீச்சில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். ரயில்வே அலுவலகத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவரும் தமிழர்தான், எங்கள் அலுவலகத்து அதிகாரி. ஊரை விட்டுப் போகும்போது வீட்டை எனக்குப் பேசிவிட்டு, தன் பழைய காரையும் என் தலையில் கட்டினார். ஒரே ஒரு சாவியைக் கையில் கொடுத்து, "கார் விஷயமா எதுன்னாலும் கீழ் வீட்டுக்காரரைக் கேளுங்க சார். அவருக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

கீழ் வீட்டுக்காரர் வங்காளி. கப்பல் பட்டறையில் ஃபிட்டர், அதிகம் பேசாதவர். அவர் என்னை தாதா, அதாவது அண்ணா, என்பார்; நானும் அவரை தாதா என்பேன். உறவு அதோடு சரி. என் காரைப் பற்றி அடுத்தவரிடம் போய் நான் ஏன் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு சாவியை நம்பிக் காரை வைத்திருக்க முடியாது. கிதர்பூர் பாலத்தடியில் உட்கார்ந்திருந்த சாவிக்காரனிடம் போய் இரண்டு மாற்றுச் சாவி செய்யச் சொன்னேன். அவன் அரத்தை வைத்து ராவி முடிக்கும் வரை எதிரிலேயே குந்தியிருந்தேன். எனக்கு இரண்டைக் கொடுத்துவிட்டுத் தனக்கு மூன்றாவதாக ஒன்று செய்துகொண்டால்? "ராவின பித்தளைத் தூளையும் அள்ளிக்கிட்டு வந்திருக்கலாமே" என்றாள் மனைவி.

செய்ததைவிட ஒளித்ததுதான் பெரும் பாடு. முதலில் ஒன்றைத் துவரம்பருப்பு டப்பாவிலும் இன்னொன்றை முருகன் படத்துக்குப் பின்னாலும் வைத்தேன். வேலைக்காரி படத்தைத் துடைக்கிறாள் என்று அதைக் குளிர்கால கோட்டுப் பையில் போட்டு, கோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு பெட்டிச் சாவியை ஒளிக்க இடம் தேடினேன். ஒருநாள் சாம்பாரில் முருங்கைக்காயோடு கார்ச் சாவியும் வந்து விழுந்தது. மனைவி அதைக் கரண்டியால் எடுத்து என் இலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வைசாகத்தில், நம் சித்திரையில், அது நடந்தது. காரை நான் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எடுப்பேன். மற்ற நாளெல்லாம் வாசலில் இருந்த கிருஷ்ணசூடா மரத்து நிழலில் நிற்கும். நம்மூர் மயிற்கொன்றைதான் அது. ஒருநாள் மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்து, கால்பைசாகி அடித்தது. வருடாவருடம் வைசாகத்தில் வருகிற பேய்க்காற்று. அலுவலகத்திலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்தேன். மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து, காலையில் கார் நின்றிருந்த அதே இடத்தில் கிடந்தது. கார் அங்கே இல்லை. இருபதடி தள்ளி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக, ஒரு கீறல் இல்லாமல், கதவுகள் பூட்டியபடி நின்றது.

ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தேன். ஒரு சாவி என் பையில். மாடிக்கு ஓடிப் பார்த்தேன், மற்ற இரண்டும் ஒளித்த இடத்தில் அப்படியே இருந்தன. மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்படியானால் நான்காவதாக ஒரு சாவி இருக்கிறது.

"நகர்த்தி வெச்சவன் நல்லவனாத்தானே இருக்கணும்?" என்றாள்.

"நல்லவனோ கெட்டவனோ, சாவி எப்படி வந்துச்சு?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மறுநாள் காலை கீழ் வீட்டுக்காரர் வாசலில் பல் துலக்கிக்கொண்டே, "தாதா, காடி டீக் ஆச்சே தோ?" என்று கேட்டார். வண்டி நன்றாக இருக்கிறதா என்று. இவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. இருக்கிறது என்று முகம் கொடுக்காமல் சொல்லிவிட்டு, நேரே பாலத்தடிக்குப் போய் சாவிக்காரனைப் பிடித்துக் கத்தினேன். "நீங்கதானே பாபு எதிர்ல உக்காந்து எண்ணி வாங்கிட்டுப் போனீங்க" என்றான் அவன். அவன் அமைதியாகச் சொன்னது என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, அசலும் நகலுமாக மூன்று சாவிகளையும் புத்தகங்களோடு சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. என் அப்பா அன்று பேனாவைக்கூடத் தொடமாட்டார்.

பூஜை முடிந்து பிற்பகல் இருக்கும். ஊரெல்லாம் துர்கா பூஜையின் நவமிக் கூட்டம், பந்தலுக்குப் பந்தல் டாக் மேளம். கீழ் வீட்டுக்காரர் படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார். அவர் மனைவிக்கு நிறைமாதம்.

"தாதா, இவளுக்கு வலி வந்துருச்சு. ரோட்டுல ஒரு டாக்சி இல்ல. காடியை எடுக்கலாமா?"

நான் சொன்ன பதிலை இன்றும் என் காதால் கேட்க முடிகிறது. "சாவி பூஜையில இருக்கே தாதா. மூணும் அங்கதான். நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். "ஓ, பூஜையா" என்றார். எங்கள் பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார். அவர் கோபித்திருந்தால்கூட எனக்குப் புத்தி வந்திருக்கும்.

வடை சுட்டுக்கொண்டிருந்த மனைவி எண்ணெய்க் கையோடு வந்தாள். "யாரு வந்தா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரோ ஒரு ஆள். "சாவியை எடுக்க வேணாம்னு சரஸ்வதி வந்து சொன்னாளா உங்ககிட்ட?" நேரே உள்ளே போய், குங்குமம் வைத்த சாவியை எடுத்து வந்து என் கையில் அழுத்தினாள்.

இறங்கி ஓடினேன். ஆள் இல்லை. சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போய்விட்டார்கள் என்று எதிர்க்கடையில் சொன்னார்கள். காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பாதையில் போனேன். இரண்டாவது பந்தலில் கூட்டம் மறித்துக்கொண்டது. ஹாரன் அடித்தேன். ஒரு பையன் வந்து பானெட்டைத் தட்டி, "சத்தம் போடாதீங்க, அங்க குழந்தை பிறக்குது" என்றான்.

பந்தலின் பக்கவாட்டில் பத்துப் பதினைந்து பெண்கள், பூஜைக்குக் கட்டிய புதுப் புடவைகளின் முந்தானையை விரித்துப் பிடித்து வட்டமாக நின்றார்கள். வட்டத்துக்கு மேலே ரிக்‌ஷாவின் கூரை மட்டும் தெரிந்தது. மேளத்தை நிறுத்திவிட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் தொட மறுத்த சாவி எதிரே குங்குமத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் அழுகை கேட்ட பிறகுதான் கதவைத் திறந்து இறங்கினேன்.

தாயையும் பிள்ளையையும் என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருவருக்கும் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, வராந்தா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். சிவப்பு நூல் கட்டிய, தேய்ந்த சாவி. என் காருடையது.

என் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"முன்ன இருந்த சாஹேப் குடுத்துட்டுப் போனது. அவருக்கு நான்தான் அப்பப்ப ஓட்டுவேன். புதுசா வர்றவருக்கு ஒரு அவசரம்னா உதவியா இருக்கட்டும்னு சொன்னார்" என்றார்.

"அப்போ அன்னைக்குப் புயல்ல?"

"நான்தான் தள்ளி நிறுத்தினேன். மறுநாள் கேட்டேனே, வண்டி நல்லா இருக்கான்னு."

"சாவியைக் கையில வெச்சுக்கிட்டு ஏன் இன்னைக்கு எடுக்கலை?"

"நீங்க ஓட்டலைன்னா நானே ஓட்டலாம்னுதான் பையில போட்டுட்டு வந்தேன். சாவி பூஜையிலன்னு சொன்னீங்க, அப்போ வண்டியும் பூஜையிலதானே இருக்கு. அப்புறம் எந்தச் சாவியா இருந்தா என்ன தாதா?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அதிர்ச்சியில் உளறினேன். இப்படி ஒரு சாவி இருப்பதே எனக்குத் தெரியாது என்றேன். எவனோ திருடன் என்று நினைத்துப் பாலத்தடி வரை போய்ச் சண்டை போட்டதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மடக்கினார்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். சொந்தக்காரருக்குத் தெரியாம வெச்சிருந்தா அது திருட்டுச் சாவிதானே."

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே கெஞ்சினேன். இனிப்போடு கீழே இறங்கிப் போயும் கேட்டேன். இனிப்பை வாங்கிக்கொண்டார். சாவியைத் தொடவில்லை. என் மனைவி போய்க் கேட்டபோதும், "வேணாம் பௌதி" என்று அண்ணி முறை சொல்லிச் சிரித்துவிட்டார்.

மறு வைசாகத்தில் காற்று மறுபடி வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது கிருஷ்ணசூடாவின் கிளை காரின் கூரையை நடுவில் அமுக்கிக்கொண்டு கிடந்தது, கண்ணாடி சிதறியிருந்தது. அவர் தன் வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார்.

"வானம் கறுத்தப்பவே பார்த்தேன் தாதா" என்றார். "என்கிட்ட சாவி இல்லையே."

மாடிக்குப் போனேன். நான்கு சாவிகளும் பத்திரமாக இருந்தன.