ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். எனக்குக் கதை விட்டுப் பழக்கமில்லை. இது என் வீட்டு கார் ஷெட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆறே முக்காலிலிருந்து ஏழேகாலுக்குள் நடந்தது.

பழைய கார். வாங்கிப் பத்து நாள்தான். ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. மறுநாளிலிருந்து என் மனைவி கைக்குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தனியாக வேலைக்கு ஓட்டிப் போக வேண்டும். பவர் ஸ்டியரிங் ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஞாயிறு அவருக்கு லீவு. எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொள்வதில் எனக்கு லீவே கிடையாது.

வேலை சுலபம்தான். முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஆயில் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். எஞ்சின் ஓடக்கூடாது. நான் புது ஆயிலை ஊற்ற ஊற்ற, அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். பழசெல்லாம் வெளியே வந்துவிடும்.

குழந்தை வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். கத்திப் பேசினால் எழுந்துவிடுவான். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மட்கார்டில் நான் ஒரு தட்டு தட்டினால் இடது. இரண்டு தட்டினால் வலது. பானெட் திறந்திருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியாது.

டொக். சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. டொக், டொக். வலப்பக்கம். பாட்டிலில் ஆயில் கறுப்பாகக் கொட்டியது. அவளுக்கு ஜலதோஷம். நிமிஷத்துக்கு ஒரு முறை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

6.58. கார்க் கதவு திறந்து மூடும் சத்தம். சரியாகச் சாத்தாமல் இருந்து, மறுபடி சாத்துகிறாள் என்று நினைத்தேன்.

டொக். திரும்பியது.

பிறகு… 'க்ளிக்'. சீட் பெல்ட். நிற்கிற காரில் பெல்ட்டா? இதை வைத்தே ஒரு வாரம் அவளைக் கிண்டல் செய்யலாம் என்று சிரித்துக்கொண்டேன்.

7.04. புது ஆயில் சிவப்பாக வர ஆரம்பித்தது. அப்போதுதான் உறைத்தது. மூக்கை உறிஞ்சும் சத்தத்தைக் காணோம்.

டொக், டொக்.

சக்கரம் வலப்பக்கம் போகவில்லை. இடப்பக்கம் போனது. கோடியில் முட்டிய பிறகும் இடப்பக்கமே… ஸ்டாண்டின் மேல் கார் அதிர்ந்தது.

"என்னம்மா, வலது. ரெண்டு தட்டுனேன்ல?"

மறுபடி இரண்டு தட்டு தட்டினேன்.

7.09. முதுகுக்குப் பின்னால் குரல். வீட்டு வாசலில் அவள். தோளில் குழந்தை.

"இவன் சிணுங்கினான்னு அப்பவே உள்ள வந்துட்டேன். பத்து நிமிஷமாச்சு. நீங்க யாருக்குத் தட்டிக்கிட்டு இருக்கீங்க?"

ஆயில் டப்பா கையிலிருந்து நழுவியது.

பானெட் ஓரமாக எட்டிப் பார்த்தேன். சீட் காலி. பெல்ட் மாட்டியிருந்தது. சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை… ஒரு ஆளின் நெஞ்சுக்கு இடம் விட்டு, விறைத்து நின்றது.

ஸ்டியரிங் இடது கோடியில்.

நடுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு, உள்ளேயிருந்து…

டொக்.

டொக்.

அவர்களை இழுத்துக்கொண்டு ஓடிக் கதவைத் தாழிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

மறுநாள் அவள் பஸ்ஸில் போனாள். எனக்கு அந்தக் காரை விற்ற புரோக்கரிடம் நான் போனேன். டிரைவர் சீட் பெல்ட் புத்தம்புதுசு என்று அன்றைக்குப் பெருமையடித்த அதே ஆள். முதலில் மழுப்பினார். சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். முன்பு அதை ஓட்டியவர் ஒரு இடது வளைவில் திருப்பியிருக்கிறார். ஸ்டியரிங் திரும்பவில்லை. கார் நேராகப் போய் மதிலில் மோதியிருக்கிறது. கதவுகள் நசுங்கித் திறக்க முடியவில்லை.

"முக்கால் மணி நேரம் உசுரோடதான் இருந்தாராம். தைரியத்துக்கு வெளியிலேருந்து தட்டியிருக்காங்க. தட்டத் தட்ட அவரும் உள்ளேருந்து தட்டியிருக்காரு. அப்புறம் எல்லாரும் கடப்பாரை தேடி ஓடிட்டாங்க. திரும்பி வந்து தட்டினப்ப சத்தமே இல்ல. பெல்ட்ட அறுத்துத்தான் எடுத்தாங்க."

கார் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. வேறொருவர் தலையில் அதைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

அன்று அத்தனை முறை தட்டி அவரைக் கூப்பிட்டது நான்தான். அவர் தட்டியபோது, பதிலுக்குத் தட்டாமல் ஓடியதும் நான்தான்.