பெங்குவின் சித்தி கேட்ட தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் சொல்லிச் சிரிக்க ஒரு கதை தயாராக இருக்கும். சித்தி கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்து, பிறகு அவளே அதைச் சரி பண்ணிய கதை. அம்மா நடித்தே காட்டுவாள். சித்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். கதை நல்ல கதைதான், அதில் ஒரே ஒரு பிழை. கெடுத்தது சித்தி இல்லை, நான்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கருமத்தம்பட்டியில் வீடு. வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஓட்டிய தறிகள். சித்தி தாராபுரத்துக்காரி, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள். எல்லா மருமகள்களோடும் பீரோவும் கட்டிலும்தான் வரும். இவளோடு ஒரு லேப்டாப்பும் வந்தது. அதன் மூடியில் தொந்தியும் தொப்பையுமாக ஒரு பெங்குவின் ஸ்டிக்கர். அது லினக்ஸ் என்ற சிஸ்டத்தின் அடையாளம் என்றும், யார் வேண்டுமானாலும் சும்மாவே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சித்தி சொன்னாள். சும்மா கிடைக்கிற எதன்மேலும் அப்பாவுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைக் காட்டு பார்க்கலாம் என்றார்.

அம்மா கம்ப்யூட்டரின் பூப்போட்ட துணி உறையைக் கழற்றினாள். சித்தி ஒரு பென்டிரைவைச் செருகினாள். "உள்ள இருக்கற எதையும் இது தொடாதுங்க மாமா. பென்டிரைவுலயே ஓடும். புடிக்கலீன்னா கழட்டிப்போட்டா பழையபடி ஆயிருமுங்க," என்று அப்பாவிடம் சொன்னாள்.

திரை வேறு நிறத்துக்கு மாறியது. எங்கள் பழைய கம்ப்யூட்டர் திறப்பதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம், இதுவோ கேட்டதும் திறந்தது. சித்தி எதையோ தட்ட, மெனு முழுக்கத் தமிழாகிவிட்டது. ஆங்கிலம் என்றாலே எட்டி நிற்கும் அம்மா, முன்னால் வந்து ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், அது அவருடைய பாராட்டு. எனக்கு மட்டும்தான் ஏமாற்றம், அதில் கார் ரேஸ் இல்லை. பிறகு சித்தி பென்டிரைவை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டதும், சொன்னபடியே பழையது அப்படியே வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தியும் சித்தப்பாவும் விருந்துக்குத் தாராபுரம் போனார்கள். சனிக்கிழமை, கூடப் படித்தவள் தந்த பென்டிரைவோடு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அதில் கார் ரேஸ் இருந்தது. விளையாட்டு ஏற்றினால் அப்பா தோலை உரித்துவிடுவார். அதனால் யாரும் கிளற மாட்டாத இடமாகப் பார்த்து ஒளித்தேன். அம்மா அவளுடைய அப்பாவின் படங்களை வைத்திருந்த ஃபோல்டர் அது. அவரை நாங்கள் அப்பிச்சி என்போம். அதற்குள் '6B PROJECT' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, விளையாட்டைப் போட்டேன். அம்மா பார்த்தாலும் பள்ளிக்கூட வேலை என்று விட்டுவிடுவாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்பிச்சி இறந்து அப்போது ஒரு வருடம் ஆகப்போன சமயம். கேமராவைக் கண்டாலே முறைக்கிற மனுஷன் அவர். நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் மட்டும், மீசையில் ஐஸ்கிரீம் ஒட்ட, ஒரு பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துவிட்டார். அந்த ஒரு படத்தைத்தான் பெரிதாக்கி வருஷப் பூசைக்கு வைக்க அம்மா முடிவு செய்திருந்தாள். பூசை அடுத்த வாரம் ஞாயிறு. படத்துக்கு வேறு பிரதி கிடையாது.

மறுநாள் அம்மா கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஃபோல்டர் ஒன்றையும் காணோம். பெயர்கள் மட்டும் இருந்தன, மூலையில் ஒரு குட்டி அம்புக்குறியோடு. தட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, இது பென்டிரைவ் வழியாக வந்த வைரஸ், மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் ஆகும் என்றார். பென்டிரைவ் என்றதும் எல்லோருக்கும் பெங்குவின் ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும் கார் ரேஸ் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் சித்தி பையோடு வாசற்படி ஏறும்போதே அம்மா எழுந்து நின்றாள். அம்மா சத்தம் போடுகிறவள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "எங்கப்பனை ரண்டாவது தடவையாச் சாகடிச்சுப்போட்டியே அம்மிணி."

"நான் எதையும் தொடலீங்க்கா," என்றாள் சித்தி. அவ்வளவுதான். பையோடு உள்ளே போய்விட்டாள்.

நான்கு நாட்கள் அம்மா அவளோடு பேசவில்லை. ஒரே அடுப்படியில் இரண்டு பேர், இடையில் பாத்திரச் சத்தம் மட்டும். சித்தி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பத்துத் தடவையாவது வாயைத் திறந்து மூடியிருப்பேன். அப்பாவின் கையை நினைத்தால் நாக்கு எழவில்லை. என்னைப் போல ஒரு கோழை இந்த உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை சித்தி தன் பென்டிரைவோடு அப்பாவிடம் வந்தாள். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை இதைப் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வைரஸ் படங்களை அழிக்காமல் ஒளித்து மட்டும் வைத்திருக்கலாம், ஒளித்து வைத்ததையும் லினக்ஸ் காட்டிவிடும் என்றாள். இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது, பார் என்று அப்பா தறிப்பக்கம் போய்விட்டார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. நான் மட்டும் சித்தியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

பெங்குவின் சிஸ்டம் வந்தது. சித்தி ஒவ்வொன்றாகத் திறந்தாள். காணாமல் போன ஃபோல்டர்கள் வரிசையாக, ஒன்றும் நடக்காதது போல நின்றன. அப்பிச்சி ஃபோல்டரையும் திறந்தாள். பெயர், பக்கத்தில் தேதி, நேரம் என்று சின்னச் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. அவள் கை ஒரு நொடி நின்றது.

"கண்ணு, பொடக்காளிப் பானையில இருந்து ஒரு சொம்பு தண்ணி கொண்டாறயா?" என்றாள் திரும்பாமலே.

வீட்டுக்குப் பின்னால் ஓடி, பானையில் மொண்டு, சிந்தாமல் கொண்டுவந்தேன். அதற்குள் திரை முழுக்க அப்பிச்சி சிரித்துக்கொண்டிருந்தார், மீசையில் ஐஸ்கிரீமோடு. சித்தி சொம்பை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா ஈரக்கையோடு வந்தாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள், சித்தியின் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "நீ கெடுத்ததை நீயே செரி பண்ணிப்போட்டே, போ," என்றாள்.

"ஆமாங்க்கா," என்றாள் சித்தி.

அந்த ஞாயிறு பீடத்துக்குப் பக்கத்தில் அப்பிச்சி சிரித்தார். மறுவாரமே அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸை நிரந்தரமாகப் போடச் சொல்லிவிட்டார். என் கார் ரேஸை ஆசையோடு தேடினேன், '6B PROJECT' இருந்த தடமே இல்லை. அதை வைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சர்க்கரை திருடியதைத்தான் சொன்னேன். பிழைத்தேன் என்ற நிம்மதியிலேயே வளர்ந்து பெரியவளும் ஆனேன்.

இப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை, நாள் முழுக்க லினக்ஸோடுதான். போன மாதம் பக்கத்து சீட்டுப் பெண், எல்லாம் போச்சு என்று அழாத குறையாக ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தாள். செருகினேன். ஒளிந்திருந்தது எல்லாம் வந்தது, பக்கத்திலேயே தேதியும் நேரமும். கீபோர்டில் என் கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று சித்தியும் இதைத்தான் பார்த்திருக்கிறாள். 6B PROJECT, சனிக்கிழமை, அவள் தாராபுரத்தில் இருந்த நாள். அந்த ஒரு வரியை அம்மாவிடம் காட்டியிருந்தால் அவள்மேல் இருந்த பழி அந்த நிமிடமே போயிருக்கும். அதை அழித்துவிட்டுத்தான் அவள் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். இத்தனை வருடம் அந்தக் கதைக்குக் கூடச் சேர்ந்து சிரித்தும் இருக்கிறாள். இவளைப் போல ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் கொண்டுவந்த சொம்பு அன்று பொழுது சாய்ந்த பிறகும் மேசைமேல் நிறைந்தபடியே இருந்தது. அதை எடுத்துப் போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியதும் நான்தான். குடிக்காத தண்ணீருக்கு என்னை எதற்குப் பொடக்காளி வரைக்கும் ஓட விட்டாள் என்று, அப்போது எனக்குச் சித்திமேல் கோபம்கூட வந்தது.