வாயில் வைத்துத் துப்பியது

பாலக்கரை சகாயம்மாளுக்கு மூக்குதான் மூலதனம். திருச்சியில் ஒரு மிஷன் மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கட்டை அவிழ்க்கும் முன்பே, புண் ஆறுகிறதா அழுகுகிறதா என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுவார். வீட்டிலும் அந்த மூக்குக்கு ஓய்வில்லை. கணவர் பிலோமின்ராஜ் தெருமுனை திரும்பும்போதே, அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். கடைசியில் அந்தக் குடிதான் அவரைக் கொண்டுபோயிற்று.

அந்த ஆண்டுக் கல்லறைத் திருநாளன்று, பதினான்கு வயது மகன் பிரவீன்ராஜின் கையைப் பிடித்துத் தகப்பன் கல்லறைமேல் அழுத்தி, குடியை வாயில் வைப்பதில்லை என்று சத்தியம் செய்ய வைத்தார் சகாயம்மாள். மகன் இன்றுவரை அதை மீறவில்லை.

வேதியியல் படித்த பிரவீன்ராஜ், ஸ்காட்லாந்தில் ஒரு கடலோர ஊருக்கு வேலைக்குப் போனான். "பார்லியப் பரிசோதிக்கிற வேலம்மா" என்றான். பொய்யில்லை. அந்தப் பார்லி பிறகு என்னவாகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. சென்ற செப்டம்பரில் தாயை வரவழைத்து, கடலைப் பார்த்து நின்ற ஒரு வெள்ளைக் கட்டடத்தின் வாசலில் நிறுத்தினான். காற்றிலேயே சகாயம்மாளுக்கு விளங்கிவிட்டது.

"டேய், இது சாராயக் கம்பெனியாடா?"

"விஸ்கிம்மா."

"பேர மாத்திட்டாப் புண்ணியம் வந்துருமா?"

"உள்ள வந்து பாரும்மா. ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பாத்துட்டுச் சொல்லு."

உள்ளே, தேவாலய மணியை நிமிர்த்தி வைத்துக் கழுத்தை இழுத்து நீட்டியதுபோலச் செம்புக் கொப்பரைகள் நின்றன. சதுப்பில் வெட்டியெடுத்த கரிய மண்ணை எரித்து, அந்தப் புகையில் முளைவிட்ட பார்லியைக் காயவைப்பார்களாம். கிடங்கில் பீப்பாய்கள் பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் என்று படுத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும், சுற்றிக் காட்டிய பெண் அவர்களை ஜன்னலோர மேசையில் உட்காரவைத்து, ஆளுக்கு மூன்று கண்ணாடிக் குவளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வைத்தாள்.

பிரவீன்ராஜ் அப்போதுதான் கேட்டான். இதுவரை அவன் மோந்து பார்த்து எழுதிக் கொடுப்பதோடு சரி. இப்போது ருசி பார்க்கும் குழுவில் அவனைச் சேர்க்க நினைக்கிறார்கள். அந்தக் குழுவில் இருப்பவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். நவம்பர் ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"துப்பிட்டா சத்தியம் ஒடையுமாம்மா? நீ வேணாம்னா வேணாம். இந்த வேலையவே விட்டுட்டு வந்துடுறேன்."

சகாயம்மாள் குவளைகளை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார். முதலாவதில் பேரீச்சம்பழம். இரண்டாவதில் உப்புக்காற்று. மூன்றாவதை மோந்தவர் குவளையை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. பிலோமின்ராஜின் வாடையைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். வந்ததோ கார்பாலிக் லோஷனும் டிஞ்சரும்! முப்பத்திரண்டு ஆண்டுகள் சேலையோடு வீட்டுக்கு வந்த, சோறு போட்ட வாசனை. குடித்துக் கெட்ட வீட்டின் நாற்றத்துக்குப் பதில், அந்த வீட்டைக் காப்பாற்றிய வாசனை இதில் எப்படி வந்தது?

மகனுக்குப் பதில் சொல்வதென்றால் தானே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாய் எடுத்தார். நாக்கு திகுதிகுவென்றது. பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் துப்பினார்.

"அம்மா! எறங்கிடுச்சா?"

சகாயம்மாள் தொண்டையைத் தடவினார். "தெரியலடா."

சுற்றிக் காட்டிய பெண் அந்த மூன்றாவது குவளையில் மீந்ததைச் சின்னஞ்சிறு குப்பியில் ஊற்றி, மூடி போட்டுக் கொடுத்தாள். காரோட்டி வருகிறவர்களுக்கு அப்படிக் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கமாம். வேண்டாமென்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சகாயம்மாள் வாங்கிக்கொண்டார். அது சேலை மடிப்புக்குள் திருச்சிவரை வந்தது.

ஊர் திரும்பி ஒரு மாதமாகியும் குழப்பம் தீரவில்லை. அக்டோபர் கடைசியில், குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போனார். உடன் வேலை பார்த்த மணிமேகலை மேலச் சித்திரை வீதியில் இருக்கிறார். விஷயத்தைச் சொல்லாமல் குப்பியைத் திறந்து நீட்டினார்.

"எக்கா, இது நம்ம கட்டுப் போடுற ரூமு வாசனைதானே! டிஞ்சர் வாங்கவா சீமைக்குப் போனீங்க? ஜங்ஷன்லயே கிடைக்குமே!"

"விஸ்கிடி."

மணிமேகலை சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு விரலை விலக்கி இன்னொரு தடவை மோந்தார். "விஸ்கியா? அப்ப எனக்கு ஏங்க்கா பிடிக்குது?"

"அதத்தான் ஒன்கிட்ட கேக்க வந்தேன்."

"பையனுக்கு என்னன்னு சொல்லப் போறீங்க?"

"நீயே சொல்லேன்."

"நல்லாருக்கே! எங்க வீட்டுல வெங்காயத்துக்கே விசாரணை நடக்கும். என்னப் போயி கேக்குறீங்க."

நவம்பர் இரண்டாம் தேதி மாலை, செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாகச் சகாயம்மாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். பக்கத்துக் கல்லறையில் யாரோ, செத்தவருக்குப் பிடிக்குமென்று ஒரு குவாட்டரைத் திறந்து வைத்திருந்தார்கள். பிலோமின்ராஜுக்கும் வைக்கும்படி உறவினர்கள் சொல்லாத ஆண்டில்லை. சகாயம்மாள் வைத்த ஆண்டுமில்லை. கைப்பையில் இருந்த குப்பியை அன்றும் வெளியே எடுக்கவில்லை. கல்லைத் துடைத்தார். அன்று மகன் கையை அழுத்திய இடத்தில் தன் கையை வைத்தார். வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. ஆனால் மகனின் குரல் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அங்கிருந்தே போன் போட்டார்.

"தம்பி, அன்னைக்கு அப்பா கல்லறையில நீ என்னடா சொன்ன?"

"நான் எங்கம்மா சொன்னேன்? நீதான் சத்தமாச் சொன்ன. நான் அழுதுக்கிட்டு நின்னேன்."

மெழுகுவர்த்தி ஒன்று காற்றில் அணைந்தது.

"அப்படின்னா அந்தச் சத்தியம் என்னுதுடா. நான் பாத்துக்கிறேன். நீ போயி அந்தக் குழுவுல சேரு."

மறுமுனையில் தயங்கித் தயங்கிப் பிரவீன்ராஜ் கேட்டான்: "அம்மா, சத்தியம் ஒன்னுதுன்னா, அன்னைக்கு நீ வாயில வச்சது?"

"துப்பிட்டேன்ல?"

"எறங்கலியே?"

"அதான் தெரியலைங்கிறேன்ல!" கல்லறையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "நீயாவது ஒழுங்காத் துப்புடா."