பைப்படியில் ஒரு டின் அதிகம்

என் வீட்டுப் பின்கட்டில், கூரைத் தண்ணீர் விழும் இடத்தில், ஒரு மண்ணெண்ணெய் டின் இருக்கிறது. மேல்தகட்டை வெட்டி எறிந்து, பிடிக்கக் குறுக்கே கட்டை அடித்த டின். மழை பிடித்ததும் முதல் சொட்டு அதன் அடியில் 'டங்' என்று விழும். வெறும் தகரச் சத்தம்தான், ஆனாலும் எனக்குள் ஏதோ துள்ளி எழும். இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு காலைநேரம், வெயிலும் கூச்சலும் காலடியுமாக, அந்த ஒரு சத்தத்துக்குள் ஓடி வந்துவிடும். இன்று காலையும் வந்தது.

அப்போது நான் பினாங்கு முனிசிபல் ஆபீசில் தண்ணீர்ப் பிரிவுக் குமாஸ்தா. தண்ணீர்மலையிலிருந்து குழாய் வழியே இறங்கி வரும் தண்ணீரை எந்தத் தெருவுக்கு எவ்வளவு விடுவது என்று எழுதும் பிரிவு. வீடு குறைந்த சந்துகளில் பொதுப் பைப்பை மூடிவிடலாம், அந்தச் சனம் பெரிய ரோட்டுப் பைப்பில் பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனை. சந்து சந்தாகப் போய் வீட்டு எண்ணிக்கை, தலைவர் பெயர், தலைவரின் அபிப்பிராயம் மூன்றையும் எழுதி வரச் சொன்னார்கள். நானும் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சந்துக்குள் நுழைந்தேன். மாட்டுவண்டிக்காரர்கள், தொங்கான் படகில் மூட்டை இறக்குகிறவர்கள், அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கும் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள். ஒன்பது கதவு. ஒன்பது என்று எழுதினேன். தலைவர் யாரென்று கேட்டதும், படகுக்கு ஆள் பிடிக்கும் தண்டலின் வீட்டைக் காட்டினார்கள். அவர் காப்பி கொடுத்தார். "துரைமாருக்கு எது சரியோ அதுதான் நம்ம சந்துக்கும் சரி" என்றார். அவர் வீட்டுக்குள்ளேயே சொந்தப் பைப் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அது மண்டையில் ஏறவில்லை.

திரும்பும்போது பைப்படியில் ஒரு குரல் என்னை நிறுத்தியது.

"தம்பி, கதவையா எண்ணிட்டுப் போறீங்க? கதவு தண்ணி குடிக்குமா?"

வண்டிக்காரர் ஒருவரின் மனைவி. ஊருக்கெல்லாம் பைப்படி அக்கா. அந்தச் சந்தில் விடிவதற்குள் டின்கள் வரிசையில் வந்துவிடும். ஆள் நிற்க வேண்டாம், டின் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒரு குடும்பத்துக்கு ஒரு டின், ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம்: சுண்ணாம்பில் சூலம், தாரில் சிலுவை, சிவப்புத் துணி, ஆணியால் கீறிய மாட்டுத் தலை. பிள்ளை பெற்றவளின் டின்னை அக்கா காலால் முன்னே தள்ளுவாள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். "கைப்பிள்ளைக்காரி ரெண்டு கையிலும் தண்ணிய வச்சுக்கிட்டு டிராம் தண்டவாளம் தாண்டணுமா? உங்க தாளுக்குள்ள அதையும் எழுதுங்க" என்றாள்.

ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சாக்கும் பலகையும் வைத்துத் தடுத்த ஆறேழு குடித்தனங்கள். அது எனக்குத் தெரியாதா? நானே அப்படியொரு சாக்குத் தடுப்பில் பிறந்தவன். கால்சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் கதவை மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன். உடம்பு கூசியது. நேரே போய் இஞ்சினியர் துரையிடம் தாளைக் காட்டி, ஒன்பது என்ற என் கணக்கு தப்பு என்றேன். மூடும் உத்தரவு, என் கணக்கு வருமுன்பே தயாராகி, அவர் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. நாளைக் காலை தானே வந்து எண்ணுவதாகவும், ஒன்பதுக்கு மேல் ரொம்பத் தேறாவிட்டால் பைப்போடு என் வேலையும் போகும் என்றும் சொன்னார். ஓடினேன். சந்துவரைக்கும் ஓடினேன். அக்கா சிரித்தாள். "இவ்வளவுதானே? நாளைக்குத் தொரை எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் வரிசையிலிருந்து டின்ன எடுக்க மாட்டாங்க, போங்க."

மறுநாள் காலை! பைப்படியில் தொடங்கிய வரிசை சந்து முழுக்க வளைந்து, முக்கு திரும்பி, டிராம் ரோடுவரை போயிருந்தது. வெயில் பட்டு டின்கள் மின்னின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம், குளித்துத் தலை சீவி. துரை கைத்தடியால் டின் டின்னாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பன்னிரண்டு, இருபது, முப்பத்தைந்து. நாற்பத்து மூன்றில் தடி நின்றது. புது டின், அடையாளம் இல்லை. பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு தண்டல். கூட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார்.

அக்கா அந்த டின்னைத் தூக்கி வெளியே வைத்தாள்.

"தண்டல் அண்ணே, உங்க டின் இங்க என்ன பண்ணுது? காத்து வாங்க வந்துச்சா?"

"சந்துக்கு ஒண்ணு கூடட்டுமேன்னுதான் தங்கச்சி..."

"கூட வேணாம். இருக்கிறது போதும்."

கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். "சியாப்பா பூஞா?" என்று, யாருடையது என்று, துரை பசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், கேட்டார். அந்த வீட்டுக்குள்ளேயே பைப் உண்டு, அது கணக்கில் சேராது என்று அக்காவும் மலாயிலேயே சொன்னாள். துரை தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மிச்சத்தைத் தட்டவே இல்லை. "இனி நான் எண்ண வேண்டியதில்லை. இந்த அம்மாளிடம் கேட்டு எழுதிக்கொள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். சந்து முழுக்க ஒரே நேரத்தில் டின்களைக் கையால் அறைந்தது. அந்த ஓசை கப்பல் துறைக்கே கேட்டிருக்கும்.

ஐம்பத்தொரு டின் என்று எழுதினேன். தலைவர் பெயர் என்ற கட்டத்தில் தண்டல் பெயரை அடித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். "எம் பேரு எதுக்கு? பைப்படின்னு போடுங்க" என்றாள். அப்படியே போட்டேன். துரை அதை அடிக்காமல் கையெழுத்திட்டார். பைப்பை மூடவில்லை. தண்டல் தன் டின்னை எடுக்க வரவே இல்லை. அதை என் கையில் மாட்டிவிட்டு அக்கா சொன்னாள்: "கொண்டுபோங்க தம்பி. அடுத்த வாட்டி எண்ணப் போறப்ப ஞாபகம் வரட்டும்."

இப்போது நான் பெரிய குமாஸ்தா. அக்கா இல்லை. நேற்று மாலை வீட்டுக்குக் கொண்டுவந்த தாள் ஒன்று மேசைமேல் கிடக்கிறது. வேறொரு சந்து, பதினொரு கதவு, தலைவருக்கு ஆட்சேபணை இல்லை, என் கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவை மையில் தோய்த்தேன். பின்கட்டில் முதல் சொட்டு விழுந்தது.

பேனாவை வைத்துவிட்டுக் குடையை எடுத்தேன்.